கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் தோசைக்கல் முன்னால் நிற்கும் தம்பிக்கு, தமிழ்நாட்டின் காவிரி டெல்டாவில் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு சின்ன கிராமம். ஜூன் பிறந்துவிட்டால் போதும், காலைக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு வருடம் அணை திறந்த செய்தி வந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. "அதான் மேட்டூர் திறந்தாச்சே தம்பி, இன்னும் என்ன?" என்று கேட்டேன்.

"மேட்டூர் தெறந்தா எங்களுக்கு வந்துட்ட மாதிரியாண்ணே? எங்க ஊரு கடைமடை. ஆத்துல போற தண்ணி வேற, எங்க வாய்க்கால்ல ஏறுற தண்ணி வேற."

மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் புகும் வாய். அந்த வரிசையில் கடைசியாக இருப்பது கடைமடை. காவிரி டெல்டா வறட்சி என்றதும் நாம் இங்கே உட்கார்ந்து மழையைப் பற்றியும் கர்நாடகாவைப் பற்றியும் பேசுகிறோம், இரண்டும் உண்மைதான், ஆனால் இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளாமல் அந்த வறட்சியில் யார் அழிகிறார்கள் என்பது புரியாது என்று நான் நினைக்கிறேன். அதனால் தண்ணீர் எங்கிருந்து கிளம்பி எங்கே போய் நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

காவிரி டெல்டாவுக்கு இரண்டு வானம். ஒன்று குடகிலும் வயநாட்டிலும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை பெய்தால் காவிரி, ஹேமாவதி, கபினி எல்லாம் நிறைந்து, கர்நாடகாவின் அணைகள் நிரம்பி, மேட்டூருக்கு நீர் வரும். அந்த மாதங்களில் தஞ்சாவூரில் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டாவது வானம் டெல்டாவின் தலைக்கு மேலேயே இருப்பது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை. வருட மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான். முதல் வானம் ஏமாற்றினால் இரண்டாவது ஓரளவு தாங்கிப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 காட்டியது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ வந்தால் தமிழ்நாட்டுக்கு வறட்சி என்று பலர் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. எல் நீனோ தென்மேற்குப் பருவமழையைத்தான் பெரும்பாலும் பலவீனப்படுத்தும், வடகிழக்கு மழைக்கு அது சில சமயம் துணையாகக்கூட இருக்கும். 2016 ஏப்ரலில் நம் கெடாவிலும் பெர்லிஸிலும் வெயில் தாங்காமல் பள்ளிகளை மூடினார்களே, அது எல் நீனோ. அதே வருடக் கடைசியில் பசிபிக் கடல் எதிர்ப்பக்கம், அதாவது குளிரும் பக்கம், லேசாகச் சாய்ந்திருந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. ஒரே வருடத்தில் நாமும் காய்ந்தோம், அவர்களும் காய்ந்தார்கள், காரணம் மட்டும் வேறு வேறு.

இனி மேட்டூர். 1934-இல் கட்டி முடித்த அணை, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஜூனில் திறந்தால் குறுவை போடலாம், அது மூன்று மூன்றரை மாதப் பயிர். குறுவை அறுத்த வயலில் தாளடி. குறுவை போடாதவர்கள் ஆகஸ்ட் வாக்கில் நீண்டகாலப் பயிரான சம்பாவைத் தொடங்கி, தை மாதம் அறுப்பார்கள். அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிட்டால் மிச்ச ஈரத்திலும் பனியிலும் அதுவும் விளைந்துவிடும். ஒரு தண்ணீரில் இத்தனை வருமானம். அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும்.

2012-இல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2016-இல் செப்டம்பர் 20. 2017-இல் அக்டோபர் 2. 2011-க்குப் பிறகு எட்டு வருடங்கள் ஜூன் 12 வெறும் தேதியாகவே கழிந்து, 2020-இல்தான் மறுபடி அந்த நாளில் அணை திறந்தது. எட்டு குறுவை! ஒரு குழந்தை பிறந்து இரண்டாம் வகுப்புக்குப் போகும் வரை அந்த வீட்டில் ஆற்றுத் தண்ணீரில் குறுவை விளையவில்லை என்றால் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் கர்நாடகா நீர் விடாததுதான் காரணமா? பெரிய காரணம் அதுதான், ஆனால் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1990-இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பு சொன்னது, மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் வருடத்துக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்று. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அதை 177.25 ஆகக் குறைத்தது. அந்த 177.25-ஐ மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. பார்த்தீர்களா, கர்நாடகா ஒரு சொட்டுகூடக் குறைக்காமல் கொடுத்தாலும் ஜூனில் வருவது பத்து டி.எம்.சி.க்கும் கீழே. ஆக, குறுவையை நடத்துவது போன வருடம் மேட்டூரில் மிச்சம் வைத்த நீர்தான். ஒரு வருடம் மோசமாகப் போனால் அடுத்த வருடத்துக் குறுவையும் சேர்ந்தே அடிபடும். வறட்சி ஒரே வருடத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

மழை குறைந்த வருடத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில் இன்னும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாய்பாடு இல்லை. நல்ல வருடத்தில் யாருக்கும் தீர்ப்பு தேவைப்படாது, அணை நிரம்பினால் நீர் தானாக வரும். கெட்ட வருடத்தில்தான் ஒவ்வொரு முறையும் கர்நாடகாவின் மாண்டியாவில் மறியல், தஞ்சாவூரில் மறியல், இடையில் பெங்களூரில் வாழும் தமிழர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொள்ளும் நிலைமை, 1991-லும் 2016-லும் பார்த்தோமே. மாண்டியாவின் கரும்பு விவசாயியும் கடன் வாங்கித்தான் பயிர் வைக்கிறார், பெங்களூருக்கும் குடிக்க நீர் வேண்டும், அதை மறுத்து நான் எழுத மாட்டேன். ஆனால் நதியின் கீழே இருப்பவனுக்கு, மேலே இருப்பவன் தன் தேவை முடிந்து மிச்சத்தை விடும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

சரி, மேட்டூர் திறந்துவிட்டார்கள். மூன்று நான்கு நாளில் நீர் கல்லணைக்கு வந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு போட்டுவிட்டு, மிஞ்சும் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு ஆற்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் ஒருவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் திருப்பும் மடை. நிலம் ஏறக்குறைய தட்டை. நீரைத் தள்ளிக்கொண்டு போக உயரம் கிடையாது, அளவுதான் தள்ள வேண்டும். அணையில் குறைவாகத் திறந்தால் அந்த நீர் காய்ந்து கிடக்கும் ஆற்று மணலிலேயே பாதி உறிஞ்சப்பட்டு, தலைப்பு வயல்களில் ஏறி, நடுவில் நின்றுவிடும். முறை வைத்து விடுகிறோம் என்பார்கள், சில நாள் வெண்ணாற்றில், சில நாள் காவிரியில். முறை வரும் அந்தச் சில நாளில் தண்ணீர் கடைசி வரை போய்ச் சேருவதற்குள் முறை முடிந்துவிடும். தம்பியின் ஊரில் இதைத்தான் "தண்ணி எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு" என்று சொல்வார்களாம்.

மனிதர் செய்த கெடுதலும் இதில் இருக்கிறது. பல வருடம் மணல் அள்ளி ஆற்றுப் படுகை இறங்கிப்போய், வாய்க்கால் தலைப்பு மேலே, ஆறு கீழே என்று ஆகிவிட்ட இடங்களில் ஆற்றில் நீர் ஓடினாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. இன்னொரு பக்கம் வாய்க்கால்கள் தூர்ந்துபோய், ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். தூர்வாரும் வேலையை வருடாவருடம் அணை திறக்கும் நேரம் நெருங்கிய பிறகே அவசரமாகச் செய்கிறார்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் குறை. 2018-இல் நடந்தது இதற்கு மறக்க முடியாத சாட்சி. அந்த ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடத்தில் வெள்ளம் கரை புரண்டு கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து விழுந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல் கட்டிய அணை அது. அந்த வெள்ளம் ஓடிய அதே நாட்களில் கடைமடையில் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

நிலத்தடி நீர் இருக்கிறதே என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றமே 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டு டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் உண்மையிலேயே நல்ல ஊற்று. பில்டர் பாயிண்ட் என்ற ஆழம் குறைந்த குழாய்க் கிணறு இறக்கி, மோட்டார் போட்டு, ஆறு வராத வருடத்திலும் அங்கே குறுவை எடுக்கிறார்கள். ஆனால் அந்த நீர் டெல்டா முழுக்க ஒரே மாதிரி கிடைக்காது. கிழக்கே போகப் போக, கடல் நெருங்க நெருங்க, தோண்டினால் உப்பு. ஆற்றில் நன்னீர் ஓடினால்தான் அது கடலை வெளியே தள்ளிப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டம் நின்றால் ஓதத்தோடு உப்புநீர் ஆற்றுக்குள்ளேயே ஏறி வரும், மண்ணுக்குள்ளும் மெல்ல நகரும். போதாததற்கு 1990-களில் நாகை கடற்கரையோரம் இறால் பண்ணைகள் பெருகி நல்ல வயல்களைக் கெடுத்தன. அதை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடற்கரையோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உப்பு ஏறிய மண் அடுத்த மழைக்கே சரியாகிவிடாது. நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டிக் கழுவ வேண்டும், அந்தத் தண்ணீர்தானே இல்லை.

பயிரின் பக்கம் வருகிறேன். நெல் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் கேட்காது. நாற்று நட்டுப் பச்சை பிடித்த பிறகு சில நாள் காய்ந்தாலும் சமாளித்துக்கொள்ளும். பொதி கட்டும்போதும் பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும்தான் உயிர்நிலை. அந்த நேரத்தில் ஒரு பத்து நாள் தண்ணீர் தவறினால் தூரத்திலிருந்து பார்க்கப் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரும் வெளியே வந்திருக்கும், கையில் எடுத்து நசுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. பதர். வெடித்த நிலத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதைவிட இந்தப் பதர்தான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. ஏனென்றால் அதுவரை உழவு, விதை, நாற்று, நடவு, களை, உரம் என்று எல்லாச் செலவையும் செய்து முடித்திருப்பார்கள், வைக்கோல் மட்டும்தான் மிச்சம்.

2023-இல் குறுவைக்கு நடந்தது இதுதான். ஜூன் 12-இல் அணை திறந்தது, எல்லோரும் நம்பி நட்டார்கள். அப்புறம் தென்மேற்கு மழை கைவிட்டது. அந்த ஆகஸ்ட், இந்தியாவில் 1901-க்குப் பிறகு மழை மிகக் குறைந்த ஆகஸ்ட். அக்டோபர் 10-இல் அணையில் 30 அடிக்குப் பக்கத்தில் இருந்தபோது பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். திறக்காமலே இருந்திருந்தால் நட்டிருக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. கெட்டுப்போனதில் முதலில் நின்றது மறுபடியும் கடைமடை.

2016 கடைசியில் இதைவிட மோசம். நிறைய பேர் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முளைத்தது கருகியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வயலில் போய் நின்று அப்படியே சாய்ந்தவர்கள், மருந்து குடித்தவர்கள் என்று தினமும் செய்தி வந்தது. ஒரு மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் 2017 ஜனவரியில் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதற்குப் பிறகு.

அந்த வறட்சியில் நெல்லுக்கு அறிவித்த நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். 2023 அக்டோபரில் கருகிய குறுவைக்கு அறிவித்தது ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், வகுத்துப் பாருங்கள், அதே தொகைதான். ஏழு வருடத்தில் டீசல், உரம், கூலி எல்லாம் ஏறியது, பதருக்குக் கொடுக்கும் காசு மட்டும் ஏறவில்லை. ஆட்சி மாறியது, கட்சி மாறியது, தொகை மாறவில்லை என்பதால் இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போன நெல்லுக்கு விலை போடும் முறையே அப்படி உறைந்துபோயிருந்தது.

அந்தத் தொகையும் யார் கைக்குப் போகிறது? சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகளில் பெயர் இருப்பவருக்கு. குத்தகைக்கு எடுத்துத் தன் காசைப் போட்டவரிடம் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான் இருக்கும், தாள் இருக்காது. நடவு நடும் பெண்களுக்கோ இழப்பே எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, ஏனென்றால் அவர்கள் இழந்தது பயிர் கிடையாது, வேலை நாட்கள். நாற்றுப் பறி, நடவு, களை, அறுப்பு என்று வருடத்தில் இருந்த வேலையில் இயந்திரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, மிச்சத்தை வறட்சி எடுத்துக்கொள்கிறது. தம்பியின் அம்மா நடவுக்குப் போகிறவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. வறட்சி வந்தால் அவர்கள் வீட்டில் முதலில் போவது தோடு, அடகுக் கடைக்கு. அப்புறம் வீட்டில் பெரிய பையன் திருப்பூருக்கு, அடுத்தவன் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கப்பலோ விமானமோ ஏறுவான். அப்படி ஏறி வந்தவர்தான் எனக்குத் தோசை ஊற்றுகிறவர். வாய்க்கால் வரிசையில் கடைமடை அவர்கள் ஊர், ஊருக்குள் கடைமடை அவர்கள் வீடு.

இது புதுக் கதையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத்தான் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள், அதில் தஞ்சை மாவட்டத்து நிலமில்லாதவர்கள் ஏராளம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பெரும் பஞ்சத்தில் ஆற்றுப் பாசனத்தால் தஞ்சாவூர் ஓரளவு தப்பித்தது. ஆனாலும் ஜனங்கள் கிளம்பினார்கள். நெல் விளைந்த மாவட்டத்திலிருந்தே பசியோடு ஆள் கிளம்புகிறது என்றால், தண்ணீர் இருந்தும் அது போய்ச் சேராத வீடுகள் அன்றும் இருந்தன என்றுதான் அர்த்தம். என் பாட்டனார் அப்படி வந்தவர்களில் ஒருவர் என்பதால் இதை என்னால் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை.

நாம் சாப்பிடும் பொன்னி அரிசிக்கும் இங்கே ஒரு வேர் உண்டு. 1965-இல் மலேசியாவில் வெளியிட்ட மசூரி என்ற நெல் ரகம் தமிழ்நாட்டுக்குப் போய், அதிலிருந்து தெரிந்தெடுத்ததுதான் வெள்ளைப் பொன்னி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் அதை வெளியிட்டது. லங்காவித் தீவுக் கதையில் வரும் மசூரியின் பெயரைத் தாங்கிய நெல் காவிரியின் பெயரை வாங்கிக்கொண்டு மூட்டையில் திரும்பி நம் கடைக்கு வருகிறது. 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும், செப்டம்பர் 1-இல் இங்கே இறக்குமதி அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியதும், உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனதும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். பட்டர்வொர்த்தில் நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். அங்கே பருவமழை தடுமாறினால் இங்கே சட்டி காலியாவதற்கு இரண்டு மாதம்கூடத் தேவைப்படவில்லை.

கடைமடை என்ற சொல்லை நாம் தூரத்து ஊரின் சொல்லாக நினைக்க வேண்டாம். பினாங்கு குடிக்கும் நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பதும் பெரும்பகுதி ஓடுவதும் கெடாவில், மேலே உலு மூடா காட்டில். அதே காடுதான் மூடா, பெடு அணைகளை நிரப்பி, 1970 முதல் இருபோகம் விளையும் கெடா வயல்வெளிக்கும் நீர் கொடுக்கிறது. பினாங்கு தன் நீரை எடுப்பது லாஹார் தியாங்கில், ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால். கடல்நீர் ஏறி வராமல் தடுக்கக் கீழே ஒரு தடுப்பணையும் கட்டி வைத்திருக்கிறோம். நீருக்குப் பணம் கொடு என்று கெடா கேட்பதும், ஆறு இயற்கையாக ஓடி வருகிறது, எதற்குப் பணம் என்று பினாங்கு மறுப்பதும் பல வருடமாக நடக்கிறது. மேலே இருக்கும் காட்டில் மரம் வெட்டினால் கீழே இருப்பவன் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து ஓடுகிறது. குடகுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே இருக்கும் அதே உறவுதான் இது, இங்கே இன்னும் அந்த அளவுக்குப் பயிர் கருகவில்லை, குழாய் வற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன முறை பசியாறப் போனபோது தம்பி அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்து தோசையை வைத்தார். "தண்ணி பக்கத்து ஊரு மதகு வரைக்கும் வந்துருச்சாம்ண்ணே. நாத்து விடலாமா வேணாமான்னு மொதலாளி இன்னும் ஒண்ணும் சொல்லலையாம்."

"எத்தனை நாளில் உங்க ஊருக்கு வரும்?"

"நாலு நாள்ங்கிறாங்க. அதுக்குள்ள முறை மாறாம இருக்கணும்."